தெருமுனை வரை நொண்டுதல்

தெருமுனை இஸ்திரி வண்டியைத் தாண்டியதும் தனபாக்கியம் நொண்டுவதை நிறுத்தினாள். நிறுத்துமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மொட்டைமாடிக் கொடியில் மகனின் சட்டை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்ததே தவிர ஆள் யாரும் இல்லை, சட்டைக்குக் கண் கிடையாதுதான், ஆனால் முகிலனும் மருமகளும் பேத்தியும் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய நேற்று மத்தியானத்திலிருந்து அந்த வீட்டில் எதற்குக் கண் உண்டு எதற்குக் கிடையாது என்று அவளால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இஸ்திரி வண்டிக்கு அப்பால் இரண்டு காலும் சமமாக விழுந்தன. என்ன சுகம். இடது முட்டி, ஒரு காலத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வாங்கித் தந்த அதே முட்டி, இப்போது எண்ணெய் போட்ட கதவுக் கீல் மாதிரி சத்தமில்லாமல் மடங்கி நீண்டது. சரியாகிவிட்டது. சரியாகிப் பல வாரம் ஆகிறது. இது அவளுக்குத் தெரியும், பயிற்சி சொல்லிக்கொடுத்த ரெஜினாவுக்குத் தெரியும், வேறு ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது, குறைந்தபட்சம் இன்று காலைப் பலகாரம் முடியும் வரைக்கும். பலகாரம் முடிந்ததும் கேட்பார்கள். யார் கேட்பார்கள் என்பதில்தான் சந்தேகம். முகிலன் நேரடியாகக் கேட்கமாட்டான், அவன் சின்ன வயசிலிருந்தே தனக்கு வேண்டியதை அப்பா வாயால் கேட்க வைக்கிறவன். அவர் பேப்பரை மடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்து, "ஏன் தனம், முட்டிதான் இப்ப பரவாயில்லையே, பிரசவத்துக்கு அங்க போய் ஒரு ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தா என்ன?" என்பார். ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தா என்ன. ரெண்டு இட்லி கூட வச்சுக்கிட்டா என்ன என்கிற மாதிரி.

பூங்காவுக்குள் ஐந்தாறு பேர் ஏற்கெனவே எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சி போட்ட எட்டு அது, சிமெண்டும் கூழாங்கல்லுமாக, ஓரத்தில் ஒரு பலகை, எட்டில் நடந்தால் சர்க்கரை போகும், ரத்தக்கொதிப்பு போகும், மூட்டுவலி போகும், மனக்கவலை போகும் என்று. எல்லாம் போகுமாம். எங்கே போகும், பலகையை எழுதினவன் வீட்டுக்கா. தனபாக்கியம் அந்தப் பலகையை ஒருநாளும் நம்பியதில்லை, ஆனால் நடப்பாள், ஏனென்றால் எட்டில் ஒரு வசதி உண்டு, நடந்துகொண்டே இருக்கலாம், எங்கேயும் போய்ச் சேர வேண்டாம். வட்டத்தில் நடந்தால் ஒரே பக்கம் சாய்ந்த யோசனைதான் வரும். எட்டில் ஒரு சுற்று இந்தப் பக்கம் வாதம் பண்ணும், அடுத்த சுற்று அந்தப் பக்கம் வாதம் பண்ணும், நடுவில் இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் எதிரே வருகிற ஆளுக்கு வழிவிட்டு ஒரு நொடி நிற்க வேண்டும். இந்தப் பக்கம்: பெற்ற பிள்ளை, அவன் பெண்டாட்டி வாயும் வயிறுமாக இருக்கிறாள், அவளுடைய அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி அந்த மனுஷி குனிந்து ஒரு டம்ளரை எடுக்க முடியாது, நீ போகாமல் யார் போவது. அந்தப் பக்கம்: திடீரென்று என் முட்டி மேல் ஏன் இத்தனை பேருக்கு இத்தனை பிரியம். அதைச் சொல்லு முதலில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கீரைக்கட்டைக் கையால் தொடாத மனுஷன் போன வருஷக் கடைசியில் முடக்கத்தான் கீரை வாங்கி வந்தார். தோசைக்கு அரைச்சுச் சாப்பிடு, முட்டிக்கு நல்லது என்றார். அவள் அந்தக் கீரையைப் பிரித்து உதறிப் பார்த்தாள், உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அடுத்த வாரம் பிரண்டை. அதற்கடுத்து முகிலன் பெங்களூரிலிருந்து முட்டிக்கு மாட்டுகிற உறை அனுப்பினான், நடைக்குப் பஞ்சு மாதிரி ஒரு ஷூ, முதுகுக்கு ஒரு பெல்ட். மருமகள் சுபிக்ஷா வாரம் தவறாமல் போன் பண்ணி எடுத்த எடுப்பில், "அத்தை, முட்டி எப்படி இருக்கு?" அத்தை எப்படி இருக்கீங்க என்று இல்லை. முட்டி எப்படி இருக்கு. முட்டிதான் மாமியார், அதன் மேல் பகுதியில் கொஞ்சம் மனுஷி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பிறகு ஒருநாள் அவர் போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார், சுபிக்ஷா முழுகாம இருக்காளாம் தனம். அந்த நிமிஷம் கீரை, பிரண்டை, உறை, ஷூ, பெல்ட் எல்லாம் வரிசையாக எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொல்லின.

அபாண்டம் என்பார்கள். அன்பாகச் செய்ததைப் போய் இப்படிச் சந்தேகப்படலாமா என்பார்கள். சரி, அன்புதான், அப்படியென்றால் அந்த அன்பு முன்னால் எங்கே போயிருந்தது என்று கேட்கலாமா கூடாதா. கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்த காலம் முழுக்க அவள் பார்த்தது மேல்தட்டு அல்ல, கீழ்த்தட்டு. பிள்ளைகள் கேட்கிற புத்தகம் எப்போதும் கீழ்த்தட்டில்தான் இருக்கும், குத்துக்கால் போட்டு உட்கார், எடு, எழு, திரும்பக் கொண்டுவந்தால் குத்துக்கால் போட்டு உட்கார், வை, எழு. வீட்டுக்கு வந்தால் துணி துவைக்கிற கல், அதற்கும் குனி. வாசலில் கோலம், குனி. அடுப்புக்குக் கீழே சிலிண்டர், குனி. முட்டி முனகத் தொடங்கியபோது அவர் சொன்னார், வயசாச்சுல்ல. அவருக்கும்தான் வயசாச்சு, அவர் முட்டி முனகவில்லையே, அது எப்படி. இந்த முட்டிக்கு மட்டும் தனியாக வயசாகுமா. அப்புறம் பெங்களூர். மூத்த பேத்தி பிறந்தபோது போனது. நாலாவது மாடி, லிப்ட் பாதி நாள் ஓடாது. தினமும் குளியலறைத் தரையில் மணையைப் போட்டு உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, கால் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, திருப்பிப் போட்டு, மூக்கை நீவி, தலையை உருட்டி. அத்தை காலில் போட்டுக் குளிப்பாட்டினால்தான் பிள்ளைக்குத் தலை உருண்டையாக வரும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சுபிக்ஷா பெருமையாகச் சொன்னாள். அத்தை கால். அது என்ன தொட்டிலா, தொட்டியா. அந்த ஒரு நாள். வேண்டாம், அதை நினைக்காதே. நினைக்காமல் எப்படி, எட்டின் மேல்வளைவுக்கு வந்தால் அது வந்துவிடுகிறது, அங்கே குழாயடியில் எப்போதும் தண்ணீர் சொட்டுகிறது. குளிப்பாட்டி முடித்துத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எழப் பார்த்தாள், இடது முட்டி பூட்டிக்கொண்டது. பூட்டு என்றால் பூட்டு. முதுகில் இடுப்புக்கு மேலே ஒரு கம்பி சுரீரென்று இழுத்தது. இரண்டு பேரும் ஆபீஸில். குழந்தை எண்ணெய்ப் பிசுக்கோடு வழுக்கியது, கீழே வைத்தால் ஈரம், வைக்காவிட்டால் கை நடுங்குகிறது. வெந்நீர் ஆறிப்போகும் வரை, வெளியே வெயில் நகர்ந்து ஜன்னல் கம்பி நிழல் சுவரில் வேறு பக்கம் போகும் வரை, காலை நீட்டியபடியே குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்காரம்மா வந்து தூக்கிவிட்டாள். சாயங்காலம் முகிலனிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?" நியாயமான கேள்வி. ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். அவன் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

அதனால்தான் ரெஜினாவையும் அவள் முதலில் நம்பவில்லை. மகன் காசு கட்டி அனுப்புகிற பயிற்சிக்காரி யார் ஆள். ரெஜினா அவள் கையைப் பிடித்து, "ஆன்ட்டி, முட்டி தேஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க. சைக்கிள் டயரா தேயறதுக்கு? தொடைத் தசை வலுவா இருந்தா பாரம் முட்டிக்குப் போகாது" என்றாள். துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து அழுத்தச் சொன்னாள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னாள், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கச் சொன்னாள். தரையிலிருந்து எதையாவது தூக்குவதென்றால் இடுப்பை வளைக்காதே, பொருளை உடம்போடு ஒட்டி வைத்துத் தொடையால் எழு. ஒரு கிலோ எடை குறைந்தால் முட்டிக்கு நாலு கிலோ குறைந்த மாதிரி. உறையை எப்போதும் மாட்டிக்கொண்டு திரியாதே, தசை சோம்பேறியாகிவிடும். இதிலெல்லாம் சூது எதுவும் தென்படவில்லை, அதுவே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள், களவு பண்ணுகிற மாதிரி. போன மாதம் சின்னக்கடை வீதிக்குப் போய் நூல்கண்டு வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவள், மாணிக்க விநாயகர் சந்நிதியோடு நிற்காமல், ஏன் என்று யோசிக்காமல், மலைக்கோட்டைப் படியில் ஏறத் தொடங்கினாள். குகை மாதிரி இருட்டு, எண்ணெய் வாசனை, ஏற ஏறப் படி. உச்சிக்குப் போய் நின்றபோது காற்று முந்தானையைப் பிடுங்கியது. கீழே காவிரி, பாலம், தீப்பெட்டி தீப்பெட்டியாகப் பஸ், அதில் ஒரு தீப்பெட்டியில்கூட அவளுக்குத் தெரிந்தவர்கள் இல்லை, யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. பிள்ளையாரிடமும் அவள் எதையும் கேட்கவில்லை. இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை என்று ரெஜினா சொல்லியிருந்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள், வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர், "ஏன் இவ்வளவு நேரம்?" என்றார். "முட்டி. மெதுவாத்தானே நடக்க முடியுது" என்றாள். அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் முதல்முதலாக இல்லாத வலிக்காக நொண்டினாள், அடுக்களை வரைக்கும்.

"என்ன தனம், இன்னிக்கு ஓட்டப்பந்தயமா?" பின்னாலிருந்து கோமளவல்லி டீச்சர். எதிர் வீடு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், எதையும் எண்ணாமல் விடமாட்டாள், யார் எத்தனை சுற்று, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள். தனபாக்கியத்தின் இடது கால் தானாகவே ஒரு இழுப்பு இழுத்தது. "ஓட்டம் எங்க டீச்சர், உருண்டுகிட்டு இருக்கேன்." "பையன் கார்ல வந்திருக்கான் போல? அழைச்சுட்டுப் போகத்தானே? குடுத்து வச்சவ நீ. எம் பையன் கூப்பிட மாட்டானான்னு நான் ஏங்கறேன்." "அப்ப நீங்க போங்களேன் டீச்சர், எனக்குப் பதிலா." டீச்சர் சிரித்தாள், இரண்டு பல்லுக்கு மேல் காட்டாத சிரிப்பு. இந்தச் சிரிப்பில் என்ன. இவள் நம்பர் சுபிக்ஷாவிடம் இருக்கிறது, மூத்தவள் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினாள் என்று சுபிக்ஷாவே சொன்னாள். வாழ்த்து மட்டும்தான் அனுப்புவாளா. மரத்தடியில் நின்று போனை நீட்டிப் பிடித்துப் பூவைப் படம் எடுக்கிறாளே, பூவைத்தான் எடுக்கிறாளா. எட்டில் இரண்டு காலும் சமமாக விழ நடக்கிற தனபாக்கியத்தைப் பூவுக்குப் பின்னால் எடுத்தால் யாருக்குத் தெரியும். இடது காலை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். இழுத்துக்கொண்டே வெட்டுமுனைக்கு வந்து வழிவிட நின்றபோது, எதிரே, அடுத்த வளையத்திலிருந்து, கையில் தண்ணீர் பாட்டிலும் ஆறு மாத வயிறுமாக வந்துகொண்டிருந்தவள் சுபிக்ஷா.

வந்துவிட்டாள். வீட்டில் தூங்குகிறாள் என்று நினைத்தேனே. எப்போதிலிருந்து இருக்கிறாள், நான் நேராக நடந்ததைப் பார்த்தாளா, டீச்சர் வருவதற்கு முன்னால் பார்த்தாளா, பின்னால் பார்த்தாளா. "டாக்டர் நடக்கச் சொன்னாங்க அத்தை" என்றாள் சுபிக்ஷா, மூச்சு வாங்க. ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "இந்த இடம் பிடுங்கி எடுக்குது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" தனபாக்கியம், முட்டி எப்படி இருக்கு என்று அடுத்து வரும், வரட்டும் என்று காத்திருந்தாள். ஆனால் சுபிக்ஷா திரும்பி, அவள் போகிற திசையிலேயே, பக்கத்தில் சேர்ந்து நடக்கத் தொடங்கினாள். பிறகு, டீச்சர் அடுத்த வளையத்துக்குப் போனபிறகு, மெதுவாக: "அத்தை, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? கால் மாத்தி மாத்தி நொண்டறீங்க." தனபாக்கியம் நின்றுவிட்டாள். "என்ன சொல்றே?" "நேத்து இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்தப்ப வலது கால். இன்னிக்குக் காலையில கேட்டைத் திறந்தப்ப இடது கால். இப்ப இடது. வலி இடதுலதானே?" பாத்திரம் வலது கையில் இருந்தது. பாரம் இருக்கிற பக்கம் சாய்ந்தால் இயல்பாக இருக்கும் என்று தோன்றியது. படுபாவி, எல்லாம் யோசித்தவள் இதை யோசிக்கவில்லையே. காதுமடல் சுட்டது. "உளவு பார்க்கறியா என்னை?" என்றாள். சுபிக்ஷா சட்டென்று சிரித்தாள். "பார்த்தேன். ஆனா நீங்க நினைக்கற மாதிரி இல்ல."

பிறகு நடந்துகொண்டே சொன்னாள். குனிந்து, கல்லைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ புகார் சொல்கிற குரலில் சொன்னாள். முகிலனுக்கு ஆபீஸில் லீவு இருக்கிறது, அப்பாவாகிறவர்களுக்கென்றே இருக்கிறது, அதற்கு மேல் வீட்டிலிருந்து வேலை பார்க்கவும் விடுவார்கள். அவன் இன்னும் கேட்கவேயில்லை. கேளு என்றால் அம்மா வந்துடுவாங்க என்கிறான். அம்மாவுக்கு முட்டி என்றால், சரியாயிடும், பயிற்சிக்கு ஆள் வச்சிருக்கேன் என்கிறான். "எங்கம்மா இப்படித்தான் அத்தை. அண்ணன் பிள்ளைங்க ரெண்டு, அக்கா பிள்ளை ஒண்ணு, எல்லாத்தையும் கால்ல போட்டுக் குளிப்பாட்டினாங்க. இப்ப அவங்களைக் குளிப்பாட்ட ஆள் வேணும். நான் வாரா வாரம் முட்டி எப்படி இருக்குன்னு கேட்டது, இன்னும் வலிக்குதுன்னு நீங்க சொல்லணும்னுதான். போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் கேப்பேன். அவர் பக்கத்துல உக்காந்திருப்பார்." நின்றாள். கண்ணில் லேசாக ஒரு குறும்பு. "அதனால நல்லா நொண்டுங்க அத்தை. ஆனா ஒரே கால்ல நொண்டுங்க. அவர் லீவுக்கு எழுதிக் குடுக்கற வரைக்கும்."

இதை நம்பலாமா. திரும்பி நடக்கும்போது தனபாக்கியத்தின் மண்டைக்குள் எட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல பெண்தான். இல்லை, கெட்டிக்காரப் பெண். கெட்டிக்காரப் பெண் நல்ல பெண்ணாக இருக்கக் கூடாதா. இருக்கலாம், ஆனால் பார், வீட்டுக்காரர் என் முட்டி நன்றாக இருக்க வேண்டும் என்கிறார், இவள் என் முட்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்கிறாள், இரண்டு பேருக்கும் இடையில் முட்டி ஒன்றுதான், அது என்னுடையது என்பது இரண்டு பேர் கணக்கிலும் வரவில்லை. நானும்தான் என்ன யோக்கியம். வேண்டாம் என்று வாயால் சொல்லத் தைரியமில்லாமல் காலால் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு பொம்பளை முடியாது என்று சொல்ல வேண்டுமானால் உடம்பு முடியாமல் போயே ஆகணுமா. படுத்தால் விடுவார்கள், எழுந்தால் விடமாட்டார்கள், அப்படியானால் உடம்பைத் தேற்றிக்கொள்வது யாருக்காக. ஆபீஸில் லீவு கேட்கிறவன் எனக்கு ஊருக்குப் போகணும் சார் என்று சொல்லலாம், நான் மட்டும் எக்ஸ்ரே காட்டணும். நொண்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் தெரியுமா, நல்ல கால் மறந்துபோகும். ரெஜினா சொன்னாள், தசைக்கு ஞாபகம் உண்டு ஆன்ட்டி, எதைப் பழக்குறீங்களோ அதைப் பிடிச்சுக்கும். நேற்று ராத்திரி படுக்கும்போது இடுப்பின் வலது பக்கம் ஒரு வலி வந்ததே, புதிதாக, அது நடிப்புக்கு வந்த கூலி. இஸ்திரி வண்டி வந்தது. கரியை விசிறிக்கொண்டிருந்தார்கள். சுபிக்ஷா நடையைக் குறைத்து, அவள் முழங்கையைத் தொட்டு, "அத்தை, இங்கேர்ந்துதானே ஆரம்பிக்கணும்?" என்றாள். தனபாக்கியம் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் பாசம் எவ்வளவு தந்திரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றாள், கீரையை உதறிப் பார்த்த மாதிரி. பிரியவில்லை. போகட்டும். இடது காலை எடுத்து வைத்தாள், நேராக. வலது காலை வைத்தாள், நேராக. "அத்தை, அத்தை" என்று சுபிக்ஷா பின்னால் ரகசியக் குரலில் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

பேத்தி உள்ளே இன்னும் எழவில்லை. கூடத்தில் முகிலன் சோபாவில் சரிந்து, கழுத்து மட்டும் தெரிய, போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பேப்பரை மடித்தார். தொண்டையைக் கனைத்தார். வாசற்படி இரண்டையும் கம்பியைப் பிடிக்காமல் அவள் ஏறி வந்ததைப் பார்த்துக் கனைப்பு பாதியில் நின்றது. "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்றான் முகிலன். "சுத்தமாச் சரியாயிடுச்சு" என்றாள். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்த வெளிச்சத்தைத்தான் இத்தனை மாதமாக அவள் சந்தேகப்பட்டாள், இப்போது நேரில் பார்க்கும்போது, அட, எவ்வளவு வெகுளியான வெளிச்சம், பலூன் கிடைத்த பிள்ளை மாதிரி, அதற்கு ஒரு நொடி மனசு இளகியது, இளகிய நொடியிலேயே சொல்லிவிட்டாள். "ஆனா நான் வரலை. குழந்தை பிறந்ததும் வந்து பார்த்துட்டு, நாலு நாள் இருந்துட்டுத் திரும்பிடுவேன்." "அதான் சரியாயிடுச்சுங்கறியே தனம்" என்றார் அவர். "ஆமா." "பின்ன ஏம்மா?" முகிலனின் கண் அவள் இடது முட்டிக்குப் போயிற்று, அங்கிருந்து வலது முட்டிக்கு, அங்கிருந்து இடுப்புக்கு, காரணம் எங்கேயோ உடம்பில்தான் ஒளிந்திருக்க வேண்டும் என்பது போல. "எனக்கு வேண்டாம்னுதான்" என்றாள் தனபாக்கியம். இவ்வளவுதானா அந்த வார்த்தை. வாயிலிருந்து வெளியே வந்ததும் சின்னதாக இருந்தது. குரல் கொஞ்சம் நடுங்கியது, நடுங்கட்டும், கால் நடுங்கவில்லை.

"பிள்ளையை யாரும்மா குளிப்பாட்டறது?" அழாத குறையாகக் கேட்டான். அவள் உள்ளே போய்க் கதவிடுக்கில் சாத்தியிருந்த மணையை எடுத்தாள். இடுப்பை வளைக்காமல், தொடையால் இறங்கி, உடம்போடு ஒட்டி எடுத்தாள். கூடத்து நடுவில் போட்டாள். "உக்காரு. ரெண்டு காலையும் நீட்டு." அவன் அப்பாவைப் பார்த்தான், அப்பா பேப்பரைப் பிரித்தார். சோபாவிலிருந்து எழும்போதே இரண்டு கையையும் ஊன்றினான். தரையை நோக்கி இறங்கியவன் பாதியில் நின்று, சோபாக் கையைப் பிடித்து, தொப்பென்று விழுந்தான். முட்டியில் நெறுநெறுவென்று ஒரு சத்தம். காலை நீட்டினால் முதுகு பின்னால் சாய்ந்தது, முதுகை நிமிர்த்தினால் முட்டி மேலே தூக்கிக்கொண்டது. நாளெல்லாம் நாற்காலியில் மடங்கிக் கிடந்த உடம்பு, முப்பத்துநாலு வயசுக்கு எழுபது மாதிரி. "ம்மா, இழுக்குது, பின்னாடி நரம்பு இழுக்குது." கதவருகே சுபிக்ஷா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், சிரிப்பை அடக்கவா கோபத்தை அடக்கவா, தெரியவில்லை. தனபாக்கியம் கூடத்துக் கொடியிலிருந்து துண்டை உருவி, சுருட்டி, அவன் இடது முட்டிக்கு அடியில் செருகினாள். "அழுத்து. அப்படியே பிடி. விடு. தினமும் செய்யணும். நாள் இருக்கு, அதுக்குள்ள தேறிடுவே." அவன் முகம் சிவக்க அழுத்தினான். அவள் அவன் எதிரில் நின்று, உண்மையான அக்கறையோடு, கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு கேட்டாள்.

"முட்டி எப்படிப்பா இருக்கு?"